தலைமாட்டுத் தட்டி

1873–74 குளிர்காலத்தில் டேனிஷ் கதாசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சனால் எங்கும் போக முடியவில்லை. கோபன்ஹேகனில் கப்பல் கால்வாயை ஒட்டிய நியூஹாவ்ன் தெருவில், 18ஆம் எண் வீட்டில் வாடகைக்கு இருந்தார். வயது 68. அதற்குச் சில காலம் முன்பே உடம்பு கெடத் தொடங்கியிருந்தது. கடைசியில் அவரைக் கொண்டுபோனது கல்லீரல் புற்றுநோய். சுமார் 30 முறை வெளிநாடு போய் வந்தவர், கான்ஸ்டான்டினோபிள் வரை கப்பலேறியவர், இப்போது அறைக்குள் கத்தரிக்கோலும் பசையும் அச்சுப் படங்களுமாக உட்கார்ந்துவிட்டார். அந்தக் குளிர்காலத்தில் அவர் செய்த பெரிய வேலை ஒரு மடக்குத் தட்டி. நம் ஆஸ்பத்திரி வார்டுகளில் கட்டிலைச் சுற்றி இழுத்து நிறுத்துவார்களே, அதே இனம்தான். ஆனால் இதில் வெறும் துணி கிடையாது. ஒரு விரற்கடை இடம் விடாமல் படம்.

மொத்தம் எட்டுப் பரப்புகள். குழந்தைப் பருவத்துக்கு ஒன்று, நாடக மேடைக்கு ஒன்று. டென்மார்க், சுவீடன்–நார்வே, ஜெர்மனி–ஆஸ்திரியா, பிரான்ஸ், இங்கிலாந்து என்று அவர் அறிந்த ஐரோப்பாவுக்கு ஐந்து. எஞ்சியது கிழக்குத் தேசங்களுக்கு. ஒவ்வொன்றிலும் கட்டடங்களும் ஊர்களும் மரங்களும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க, அவற்றுக்கு மேலே புகழ்பெற்றவர்களின் முகங்கள் மேகம்போலத் திரண்டிருக்கின்றன. அளவுப் பொருத்தத்தைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. ஒரு தலை ஒரு கோபுரத்தைவிடப் பெரிதாக இருக்கலாம். இன்று ஓடன்ஸே நகரின் ஆண்டர்சன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமான இதை, 20ஆம் நூற்றாண்டு ஓவியர்களின் ஒட்டுப்படக் கலைக்கு முன்னோடி என்று சிலர் கொண்டாடுகிறார்கள். அது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அப்படிச் சொன்ன மாத்திரத்தில் அதைச் சுவரில் மாட்டிய சித்திரமாக நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். அது வீட்டுச் சாமான். ஒரு நோயாளி தன் அறையில் நிறுத்திக்கொண்ட சாமான். அங்கிருந்து பார்த்தால் அதன் உண்மையான உறவினர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்; கொரிய வீடுகளில், படுக்கைக்கும் பந்திக்கும் பிணத்துக்கும் அருகே நிற்கும் பூத்தையல் தட்டிகள் அவை.

அதற்கு முன் ஐரோப்பிய வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. படம் ஒட்டிய தட்டி ஆண்டர்சனின் கண்டுபிடிப்பில்லை. கவிஞர் பைரனிடம் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் குத்துச்சண்டைக்காரர்கள், மறுபக்கம் நாடக நடிகர்கள். லண்டனில் ஜேன் கார்லைல் 1849இல் தன் வீட்டுக்கு ஒன்று ஒட்டினார். படங்கள் மலிந்த நூற்றாண்டு அது. மரச்செதுக்குப் படங்களுடன் வாரப் பத்திரிகைகள் வந்தன; டென்மார்க்கின் ‘இல்லுஸ்ட்ரேரெட் டிடென்டே’ 1859இல் தொடங்கியது. ஆண்டர்சனுக்கோ கத்தரிக்கோல் பேனாவுக்கு அடுத்த கருவி. கதை சொல்லிக்கொண்டே காகிதத்தை வெட்டுவார், கதை முடியும்போது விரித்துக் காட்டுவார். நண்பர் அடால்ஃப் ட்ரூசனோடு சேர்ந்து 1859இல் கிறிஸ்டீன் என்ற சிறுமிக்காக ஒரு படப் புத்தகமே வெட்டி ஒட்டியிருக்கிறார்.

வட ஐரோப்பிய வீட்டுக்குத் தட்டி தேவைப்பட்டதற்குக் காரணம் எளிது. அறையின் மூலையில் இரும்புக் கணப்பு. அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் முகம் வேகும். நாலடி தள்ளினால் முதுகு விறைக்கும். கதவிடுக்கில் ஊதும் காற்றை மறிக்க ஒரு தட்டி, கணப்பின் அனலை மறிக்க இன்னொரு சிறு தட்டி. இந்த இரண்டாவது வகையில்தான் டேனிஷ் வீட்டுப் பெண்கள் கைவரிசையைக் காட்டினார்கள்: பெர்லினிலிருந்து வந்த கட்டம் போட்ட வண்ண மாதிரித் தாள்களைப் பார்த்து, கம்பளி நூலால் ரோஜாக்கொத்தும் நாய்க்குட்டியும் தைத்துச் சட்டத்தில் பொருத்தினார்கள். அழகானவைதான், ஆனால் ஒரே மாதிரித் தாள் ஐரோப்பா முழுவதும் போனதால் ஒரே ரோஜாதான் எல்லார் வீட்டிலும் பூத்தது.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சொந்தக் கதையும் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சீனாவில் செய்யப்பட்ட, பல மடிப்புகள் கொண்ட அரக்குத் தட்டிகள் ஐரோப்பியப் பிரபுக்களின் பித்தாக இருந்தன. கப்பல் மாறி வந்தது நம் சோழமண்டலக் கரை வழியாக என்பதால், சீனாவின் வேலைப்பாட்டை ஐரோப்பா இன்றுவரை ‘கோரமண்டல்’ தட்டி என்றே அழைக்கிறது. அந்தக் கரையில் டென்மார்க்குக்கும் ஒரு கோட்டை இருந்தது. தஞ்சை இரகுநாத நாயக்கர் 1620இல் கொடுத்த தரங்கம்பாடி அது. 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றபோது ஆண்டர்சனுக்கு வயது சுமார் 40. வாங்கிய கோரமண்டல் தட்டிகளைப் பிரபுக்கள் பல சமயம் மடக்கவும் இல்லை, விரிக்கவும் இல்லை. ரம்பத்தால் அறுத்துச் சுவருக்குப் பலகையாகவும் அலமாரிக்குக் கதவாகவும் அடித்துவிட்டார்கள். மடங்கும் பொருளை அசையாப் பொருளாக்கும் இந்தக் கோளாறைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

ஆண்டர்சனின் கிழக்கில் கொரியா இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அவர் 1875 ஆகஸ்ட் 4 அன்று இறந்தார். கொரியா தன் துறைமுகத்தை அந்நிய வாணிகத்துக்குத் திறக்கச் சம்மதித்த கங்ஹ்வா ஒப்பந்தம் 1876 பிப்ரவரியில். அதற்குப் பின் டேனிஷ்காரர்கள் வந்த வேகம் வியப்பானது: கோபன்ஹேகனைத் தலைமையிடமாகக் கொண்ட கிரேட் நார்தர்ன் தந்திக் கம்பனி, நாகசாகியிலிருந்து புசானுக்குக் கடலடிக் கம்பி போட்டு 1884இல் செய்தி அனுப்பியது. டென்மார்க்கும் கொரியாவும் ஒப்பந்தம் செய்துகொண்டது 1902இல். அந்தக் காலத்தில் கொரிய வீட்டுக்குள் நுழைந்த எந்த ஐரோப்பியனும் முதலில் கவனித்திருக்கக்கூடியது, வீட்டில் சாமானே இல்லை என்பதைத்தான்.

நாற்காலி இல்லை, கட்டில் இல்லை. தரைக்கு அடியில் அடுப்புப் புகை ஓடும் வழி அமைத்து, கல்லும் களிமண்ணும் எண்ணெய் பூசிய தாளுமாகத் தளம் போட்ட ‘ஒண்டோல்’ அறை. உடம்பு படும் இடம் கதகதப்பு. கதவும் சன்னலும் தாள் ஒட்டிய மரச்சட்டம் என்பதால் தலைக்கு மேலே குளிர். ஆகவே படுக்கிறவரின் தலைமாட்டில் நிற்க இரண்டே மடிப்புள்ள குட்டைத் தட்டி ஒன்று இருக்கும். உயரமானவை வேறு: நான்கு, ஆறு, எட்டு, பத்து, பன்னிரண்டு என்று இரட்டைப்படையில் மடிப்புகள். தேவைப்படும்போது விரிக்கலாம், இல்லையென்றால் மடித்து ஓரமாக வைத்துவிடலாம். அறை ஒன்றே, தட்டி மாறினால் அது வேறு இடமாகிவிடும்.

இப்படி மாற்றிக்கொள்வதில் கொரியர்களுக்கு இருந்த ஒழுங்கு, நம் ஊரில் எந்த விசேஷத்துக்கு எந்தக் கோலம் என்பதற்கு நிகரானது. குழந்தையின் முதல் பிறந்தநாள் மேசைக்குப் பின்னால் ஒரு தட்டி. கல்யாணத்துக்குப் பியோனி மலர்கள் பூத்த தட்டி. பெண்கள் புழங்கும் உள்ளறையில் ஜோடிப் பறவைகளும் பூக்களும், அல்லது நூறு பிள்ளைகள் விளையாடும் காட்சி. ஆண்கள் விருந்தினரைச் சந்திக்கும் வெளியறையில் பெரும்பாலும் மை ஓவியமும் எழுத்தும். அறுபது நிறைந்தால் பெருவிழா. நமக்குப் பிரபவ முதல் அட்சய வரை 60 ஆண்டு என்றால் அவர்களுக்கும் 60 ஆண்டுச் சுற்றுதான். பெயர்கள் வேறு, கணக்கு ஒன்று. அறுபது கண்டவருக்குப் பின்னால் நிற்பது நெடுவாழ்வுச் சின்னங்கள் பத்து: சூரியன், மேகம், மலை, நீர், பைன் மரம், நாரை, மான், ஆமை, மூங்கில், சாகாவரம் தரும் காளான். பட்டியல் இடத்துக்கு இடம் ஒன்றிரண்டு மாறும். ‘ஆயுள்’, ‘பாக்கியம்’ என்ற இரண்டு எழுத்துகளை நூறு விதமாக வரைந்து தைத்த தட்டியும் உண்டு.

முன்னோர் வழிபாட்டுக்கு வண்ணத் தட்டி ஆகாது. எழுத்துத் தட்டி, இல்லையென்றால் வெள்ளை. சாவு வீட்டில், குளிப்பாட்டித் துணி சுற்றிய உடலை அறையில் கிடத்தி அதற்கு முன்னால் தட்டியை விரிப்பார்கள். தட்டிக்கு இந்தப்பக்கம் ஊதுவத்தி, அழுகை, வந்தவர்களின் வணக்கம், அந்தப்பக்கம் இறந்தவர். பூவேலை செய்த தட்டிதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதையே திருப்பி, வெறுமையான பின்புறம் சனங்களைப் பார்க்கும்படி நிறுத்திவிடுவார்கள். பூ அப்போது எந்தப்பக்கம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நாரையும் மானும் ஆமையும் இறந்தவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்த ஒரு பழக்கத்தை அறிந்த பிறகு, தட்டி என்பது மறைப்பு என்ற எண்ணத்தோடு என்னால் ஒத்துப்போக முடியவில்லை. மறைப்பு மட்டும் என்றால் ஒரு சாக்குப் படுதா போதும். இரண்டு பக்கத்தில் யாருக்கு எது தெரியவேண்டும் என்று தீர்மானிப்பதற்குத்தான் இவ்வளவு பட்டும் உழைப்பும்.

உழைப்பு என்றால் சாதாரணமானது இல்லை. கொரியப் பூத்தையலின் தனித்தன்மை நூலில் இருக்கிறது. சீனத்திலும் ஜப்பானிலும் முறுக்காத பட்டிழையின் பளபளப்பை விரும்பினார்கள். கொரியத் தையற்காரர்கள் இழைகளை இறுக்கி முறுக்கிய நூலைப் பெரிதும் பயன்படுத்தினார்கள். மினுக்கம் சற்றுக் குறையும், ஆனால் உறுதி அதிகம். பக்கத்தில் போய்ப் பார்த்தால் ஒவ்வொரு தையலும் சின்னக் கயிறுபோலத் தனித்துத் தெரியும். படத்தை முதலில் துணியில் இறக்கிக்கொண்டு, மரச்சட்டத்தில் பட்டுத் துணியை இழுத்துக் கட்டுவார்கள். இதழும் இறகும் புடைத்து நிற்க வேண்டுமென்றால் அடியில் பருத்தி நூலால் ஒரு தையல் போட்டு மேடாக்கி, அதன்மேல் பட்டு நூலை நெருக்கி அடுக்குவார்கள். இதழின் நிறம் விளிம்பிலிருந்து நடுவுக்கு வெளுத்துப்போவதற்கு நீளமும் குட்டையுமாக மாற்றி மாற்றிப் போடும் தையல், தண்டுக்குக் காம்புத் தையல், மகரந்தத்துக்கு முடிச்சு, தடித்த நூலையோ பொன்னிழையையோ மேலே கிடத்தி மெல்லிய நூலால் அங்கங்கே பிடித்துத் தைப்பது மேகத்துக்கும் எழுத்துக்கும். ஒவ்வொரு மடிப்புக்கும் தனித்தனித் துணி. எல்லாம் முடிந்த பிறகு தாள் ஒட்டிய மரச்சட்டங்களில் ஏற்றி ஒன்றோடொன்று பிணைப்பார்கள். அரண்மனையில் இதற்கென்றே ஒரு தையற்கூடம் இருந்தது. வெளியே எல்லா வீட்டிலும் இருந்தது.

இவற்றுள் நான் மிகவும் நேசிப்பது எட்டு மடிப்புள்ள ஒன்று. புசான் நகரின் டோங்-ஆ பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் இருக்கிறது, கொரிய அரசு ‘பொக்கிஷம்’ என்று பதிவு செய்து காக்கிறது. கறுப்புத் துணி. அதில் தோட்டத்துச் செடிகள், பூக்கள், பூச்சிகள். அரசியும் இல்லை, கடவுளும் இல்லை, கத்தரிச்செடி இருக்கிறது! 16ஆம் நூற்றாண்டின் ஓவியரும் அறிஞருமான ஷின் சாயிம்தாங் (1504–1551) பெயரோடு மரபு இதைச் சேர்த்துச் சொல்கிறது. அவரே தைத்தாரா, அவர் பாணியில் பின்னால் யாரோ தைத்தார்களா என்பது ஆய்வாளர்களின் பாடு. 2009இல் வெளிவந்த 50,000 வோன் நோட்டின் முன்பக்கத்தில் சாயிம்தாங்கின் முகம். அதன் அருகே அச்சிடப்பட்டிருப்பது இந்தத் தட்டியின் கத்தரிக்காய். காய்த்துக் குலுங்கும் செடி பிள்ளைப்பேற்றின் அடையாளம் என்று விளக்கம் சொல்வார்கள். விளக்கம் சரியே, இருந்தாலும் கறுப்புத் துணியில் ஊதாக் காய் தெரிய வேண்டுமே என்று நூலின் நிறத்துக்காகத் தைத்தவர் பட்ட பாடுதான் என் கண்ணில் நிற்கிறது.

யார் தைத்தது என்ற கேள்வி கொரியத் தட்டிகள் எல்லாவற்றையும் தொடர்ந்து வருகிறது. பியோங்யாங்கைச் சேர்ந்த ஓவியர் யாங் கி-ஹூன் வரைந்த முதிய பிளம் மரம் ஒன்று, பத்து மடிப்புகளையும் கடந்து ஒரே மரமாகக் கிளைத்துப் பூக்கிறது; சியோல் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அரசரின் குடிமகனாகிய யாங் கி-ஹூன் பணிவுடன் வரைந்தது என்ற வரியும் அதில் உண்டு. அந்த வரியையும் நூலால்தான் தைத்திருக்கிறார்கள். வரைந்தவரின் பெயரை எழுத்தெழுத்தாகத் தைத்த கைக்குப் பெயர் இல்லை. பெண்களின் வேலை என்பதால் இப்படி என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். பெரும்பாலும் உண்மையும் அதுதான். ஆனால் வடக்கே பியோங்கான் மாகாணத்தின் ஆன்ஜு ஊரில் தட்டி தைத்தவர்கள் ஆண்கள். தடித்த அடித்தையல், துணிச்சலான வடிவம், சந்தைக்குப் போகும் சரக்கு. அந்த ஆண்களிலும் பெயர் தெரிந்தவர்கள் சொற்பம். ஊசி பிடித்தவரைவிடத் தூரிகை பிடித்தவர் உயர்ந்தவர் என்ற எண்ணம் அதற்கும் அடியில் இருக்கிறது. பூத்தையலைக் கொரிய அரசு மரபுக் கலையாக அங்கீகரித்து, ஹான் சாங்-சூ என்ற பெண்மணிக்கு அதன் முதல் காப்பாளர் தகுதியைக் கொடுத்தது 1984இல்தான்.

ஆண்டர்சனின் தட்டியில் நிலைமை தலைகீழ். ஒட்டியவரின் பெயரை உலகமே அறியும். அவர் வெட்டி எடுத்த படங்களைச் செதுக்கிய நூற்றுக்கணக்கான கைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

மற்றொரு வேறுபாடு இன்னும் ஆழமானது. கொரியத் தட்டி தைத்தவர் தன் வாழ்க்கையை அதில் தைக்கவில்லை. எல்லார் வீட்டுக்கும் பொதுவான ஆசைகள்: நீண்ட ஆயுள், நிறையப் பிள்ளைகள், பிரியாத ஜோடி. வரவேண்டியது அத்தனையும் அங்கே இருக்கும்; நடந்தது எதுவும் இருக்காது. ஆண்டர்சன் தன் தட்டியில் வைத்ததோ முடிந்துபோன பயணங்கள், பார்த்த ஊர்கள், சந்தித்த அல்லது வாசித்த மனிதர்கள். மனைவி மக்கள் இல்லாதவர்; நூறு பிள்ளைகள் விளையாடும் தட்டி அவருக்கு எதற்கு? ஆனாலும் குழந்தைப் பருவத்துக்கு ஒரு பரப்பு ஒதுக்கியிருக்கிறார்.

அவருடைய குழந்தைப் பருவமே ஒரு சாவுச் சாமானில் தொடங்கியது என்பார் ஆண்டர்சன். ஓடன்ஸேயில் செருப்புத் தைத்த அப்பா, கல்யாணத்துக்குப் புதுக் கட்டில் வாங்க வழியில்லாமல், டிராம்பே என்ற பிரபுவின் சவப்பெட்டியை வைத்திருந்த மரமேடையை வாங்கித் தானே கட்டிலாக அடித்தாராம். மேடையைப் போர்த்தியிருந்த கறுப்புத் துணியின் கிழிசல்கள் அதில் ஒட்டிக்கொண்டே இருந்தனவாம். தன் சரிதையில் அவர் கொஞ்சம் கதை சேர்ப்பவர்தான். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும், பிறப்புக்கும் சாவுக்கும் ஒரே சாமான் போதும் என்ற ஏழை வீட்டுக் கணக்கு அவருக்குப் புதிதில்லை. பெரியவரான பின்பும் நெடுங்காலம் பிறர் வீட்டு அறைகளில் பிறர் கட்டிலில் தூங்கினார். 1866இல், 61 வயதில்தான் சொந்தமாகக் கட்டிலும் நாற்காலியும் வாங்க வேண்டி வந்தது. மகிழவில்லை, ஊர் சுற்றுபவனைச் சாமான் கட்டிப்போடும் என்று கலங்கினார். ஏழெட்டு ஆண்டு கழித்து அந்தச் சாமான்களோடு ஒரு தட்டியையும் சேர்த்தபோது, ஊர்களையெல்லாம் அதில் ஒட்டி வைத்துக்கொண்டார். கடைசி மூச்சு அந்த அறையில் போகவில்லை. நண்பர்களான மெல்க்கியோர் குடும்பத்தார் நகருக்கு வெளியே ரோலிஹெட் என்ற தங்கள் வீட்டுக்கு அவரைக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டார்கள்; அங்கேதான் இறந்தார்.

அவருக்குப் பிறகு டேனிஷ் வீட்டில் தட்டியின் கதை சுருக்கமானது. மையக் கணப்பு முறை வந்தது, காற்று நின்றது, தட்டி பரணுக்குப் போனது. 1956இல் பௌல் கியேர்ஹோல்ம் என்ற வடிவமைப்பாளர் பைன் மரச் சட்டங்களை வரிசையாகக் கோத்து, விரும்பியபடி வளையும் தட்டி ஒன்றைச் செய்தார். அருமையான பொருள். அதில் பார்க்க எதுவும் இல்லை என்பதே அதன் பெருமை. கொரியாவில் அடுக்குமாடி வீடுகள் வந்தன, சாவுகள் ஆஸ்பத்திரியோடு ஒட்டிய இரங்கல் கூடங்களுக்குப் போயின. தட்டிகள் பழைய சாமான் கடைகளுக்கு வந்தன. அங்கிருந்து பூத்தையல்களையும் ஒட்டுத்துணிகளையும் தேடித்தேடி வாங்கியவர் ஹோ டோங்-ஹ்வா. நாலு காசு பெறாத பெண்கள் சமாசாரம் என்று மற்றவர்கள் ஒதுக்கிய காலத்தில் சேர்த்தவை ஆயிரக்கணக்கில். தன் இறப்புக்கு முன், 2018இல், அவற்றைச் சியோல் மாநகருக்குக் கொடுத்துவிட்டார்; 2021இல் திறந்த சியோல் கைவினை அருங்காட்சியகத்தில் அவை இருக்கின்றன. அதே 2021இல் ஓடன்ஸேயில் ஆண்டர்சனுக்குப் புது அருங்காட்சியகம் எழுந்தது. வடிவமைத்தவர் ஜப்பானியக் கட்டடக் கலைஞர் கெங்கோ குமா.

அருங்காட்சியகம் தட்டியைக் காப்பாற்றுகிறது, கூடவே கொஞ்சம் நிமிர்த்தியும் விடுகிறது. கண்ணாடிக்குப் பின்னால், மேடைமேல், ஒரு பக்கம் மட்டும் தெரியும்படி, ஏறக்குறைய நேர்கோடாக. கோரமண்டல் தட்டியை ரம்பத்தால் அறுத்தவர்களின் ஆசைதான் இங்கே நாகரிகமாக நடக்கிறது. கொரியத் தட்டி வளைந்து நின்று மூன்று பக்கமும் உட்கார்ந்தவரை அணைத்தால்தான் நாரையும் நாரையும் ஒன்றையொன்று பார்க்கும். பார்வையாளர் தரையில் உட்கார்ந்தால்தான் பைன் மரத்தின் அடி கண்ணுக்கு நேரே வரும். ஆண்டர்சனுடையதைச் சுற்றி நடந்தாக வேண்டும். பட்டு நூலின் இயற்கைச் சாயம் வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் துணிப் பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு மேல் விளக்குப் போடக் கூடாது, தொடர்ந்து சில மாதங்களுக்கு மேல் காட்சியில் வைக்கவும் கூடாது என்பது அருங்காட்சியகங்களின் பொது விதி. ஆக, பூத்தையல் தட்டிகள் இப்போதும் ஆண்டில் சில காலம் விரிந்து நிற்கின்றன, மற்ற காலம் மடிந்தே கிடக்கின்றன.